சாமி எந்த ஊரு?

பழனிக்கு நடக்கிறவர்கள் பெயரைக் கேட்பதில்லை. "சாமி எந்த ஊரு?" என்றுதான் கேட்பார்கள். தைப்பூசத்துக்கு நடந்த அந்த நாட்களில் எத்தனை பேர் என்னிடம் அப்படிக் கேட்டார்கள், எத்தனை பேரிடம் நான் கேட்டேன் என்று கணக்கே இல்லை.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கிளம்பிய நாங்கள், குன்றக்குடி சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு நத்தம் சாலையைப் பிடித்தோம். பழனி மலை வரைக்கும் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இந்தப் பாதைக்கே மூத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். 400 ஆண்டுகளுக்கு மேலாகக் குன்றக்குடியிலிருந்து காவடி கட்டி நடக்கிறார்கள். மாட்டுவண்டியில் வேல் முன்னே வர, மயில்பீலி செருகிய காவடிகள் பின்னால் வரிசையாக வரும். சிங்கம்புணரி தாண்டி அந்த வரிசை எங்களைக் கடந்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். மற்றவர்கள் எல்லாம் தரிசனம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவோம். காவடி எடுத்த நகரத்தார் பழனியிலிருந்து திரும்பி வருவதும் நடந்தேதான். இதை நினைத்தாலே எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

நத்தம் வரும்வரை கேட்ட பதில்கள் எல்லாம் தெரிந்த ஊர்களாகவே இருந்தன: சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமை. திண்டுக்கல்லில் மணப்பாறை, திருச்சிப் பக்கத்து ஆட்கள் கலந்தார்கள். ஒட்டன்சத்திரத்தில், செம்பட்டி வழியாக வந்த மதுரைக்காரர்கள். அப்புறம் சாலை முழுக்கப் பச்சையும் மஞ்சளும் காவியும்தான்.

ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் என் வலது குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியிலிருந்து சின்னத் தகர டப்பாவை எடுத்தார். தேங்காய் எண்ணெயில் சூடம் கரைத்தது. காலைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கொப்புளத்தைத் தொடாமல் சுற்றிலும் மட்டும் தடவினார். "எந்த ஊருப்பா?" சொன்னேன். "நாங்க அறந்தாங்கிப் பக்கம். இருபத்திரண்டாவது வருசம்." பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டு, "அரோகரா சொல்லிக்கிட்டே நட, வலி தெரியாது" என்றார். வலி தெரியத்தான் செய்தது. ஆனாலும் நடந்தேன்.

மேற்கே கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் ஏன் இந்தக் கூட்டத்தில் அதிகம் இல்லை என்று யோசித்தேன். கொங்கு நாட்டாருக்குப் பெரிய நடை பங்குனி உத்திரம். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடியாகச் சுமந்து வருவார்கள், பங்குனி வெயிலில் முருகனைக் குளிர்விக்க. தை எங்கள் பக்கத்து மாதம் என்றால் பங்குனி அவர்களுடையது.

பூசத்தன்று சண்முக நதியில் குளித்து, படியேறி, இரண்டு நிமிடம் தண்டாயுதபாணியைப் பார்த்தேன். போதும் போதும் என்று மனசு நிறைந்தது. எங்கள் கூட்டம் ஊருக்குக் கிளம்பிவிட்டது. நான் மட்டும் உறவினர் வீட்டில் தங்கிவிட்டேன், எடப்பாடிக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்று.

சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலச் சமூகத்தார் பூசம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகுதான் காவடிகளோடு வந்து சேருவார்கள். 350 ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம். நடை சாத்தியபின் பழனி மலைமேல் யாரும் தங்கக் கூடாது. இவர்களுக்கு மட்டும் வருடத்தில் ஒரே ஓர் இரவு அந்த உரிமை உண்டு. பஞ்சாமிர்தத்தையும் டன் கணக்கில் அவர்களே மலைமேல் பிசைகிறார்கள்.

சாயந்திரம் நான் இறங்கிக்கொண்டிருந்தேன், அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தோளில் காவடி, இடுப்பில் குழந்தை, தலையில் வாழைப்பழக் கூடை. மூச்சு வாங்க ஒரு பெரியவர் படியோரம் நின்றார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்துவிட்டு, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"சாமி எந்த ஊருங்க?"