பிரேக்கிலிருந்து காலை எடுத்தால்: இரத்த அழுத்தப் பாடத்தை நான் படித்த விதம்

எம்.பி.பி.எஸ். முதல் ஆண்டு, ஃபிசியாலஜி முதல் இன்டர்னல் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. மேடம் கேட்டது இவ்வளவுதான்: "பிரஷர் திடீர்னு இறங்குது. கழுத்துல இருக்கிற பாரோரிசெப்டரோட ஃபயரிங் கூடுமா, குறையுமா?" கூடும் என்றேன். பாரோரிசெப்டர் என்பது பிரஷரை அறியும் உணர்வி, ஃபயரிங் என்பது அது அனுப்பும் நரம்புத் துடிப்பு. ஆபத்து என்றால் உணர்வி சத்தம் போடத்தானே செய்யும் என்று நினைத்திருந்தேன். "சரி, பிரஷர் ஏறினா?" அதற்கும் ஃபயரிங் கூடும் என்றுதான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஏறினாலும் கூடும், இறங்கினாலும் கூடும் என்று சொல்லிவிட்டு நிற்கிறேன். மேடம் திட்டவில்லை. "ரூமுக்குப் போய் ஒரு படம் வரைஞ்சு பாரும்மா" என்று அனுப்பிவிட்டார். எழுத்துத் தேர்விலும் அதே தலைப்பில் பத்து மார்க் கேள்வி வந்தது. எனக்குக் கிடைத்தது மூன்று.

இப்போது முதல் ஆண்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நர்சிங், பிசியோதெரபி படிப்பவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. என்னைப் போலத் தமிழ் வழியில் பள்ளி முடித்து வந்தவர்கள் அம்புக்குறிகளை அப்படியே உருப்போட்டுவிடலாம் என்று பார்ப்பார்கள். இந்தப் பாடத்தில் அது நடக்காது. ஒரு அம்பு தலைகீழானால் மொத்தமும் தலைகீழாகிவிடும்.

அன்று இரவு படம் வரைந்தபோதுதான் என் பிழை எங்கே என்று தெரிந்தது. பாரோரிசெப்டர் ஆபத்துக்கு அடிக்கும் மணி இல்லை. அது தமனிச் சுவரின் இழுவையை அளக்கும் நரம்பு முனை. சுவர் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வேகமாக நரம்புத் துடிப்புகளை அனுப்பும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது பேசிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தத் துடிப்புகள் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போய், இதயத்தை வேகப்படுத்திக் குழாய்களைச் சுருக்கும் சிம்பதெடிக் மையத்தை அடக்குகின்றன, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டுகின்றன. சுருக்கமாக, அது எந்நேரமும் மிதித்திருக்கும் பிரேக். பிரஷர் இறங்கினால் சுவர் தளரும், துடிப்பு குறையும், பிரேக்கிலிருந்து கால் விலகும். இதயம் வேகமெடுக்கும், இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் மேலே வரும். "குறைவு" என்ற சொல்லே இங்கே செய்தி என்று பிடிபட்டதும் மீதி எல்லாம் தானாக வரிசைக்கு வந்தது.

பாதையை ஒரு முறை கையால் எழுதிப் பாருங்கள். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் சற்று உப்பலாக இருப்பது கரோட்டிட் சைனஸ். அங்கிருந்து செய்தி ஒன்பதாவது மூளை நரம்பு வழியாகப் போகும். பெருந்தமனி வளைவிலிருந்து பத்தாவது வழியாக. இரண்டும் சேருமிடம் முகுளத்தில் உள்ள நியூக்ளியஸ் டிராக்டஸ் சாலிடேரியஸ். கரோட்டிட் சைனஸ் ஏறக்குறைய 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே மௌனமாகிவிடும், 180க்கு அருகில் உச்சத்தைத் தொட்டுவிடும். நம் சாதாரண பிரஷர் இருக்கும் 100க்குப் பக்கத்தில்தான் அது மிகக் கூர்மையாக வேலை செய்கிறது. இந்த ஒரு வரியை எழுதினால் திருத்துபவர் கவனிப்பார்.

புரிந்ததா என்று சோதிக்க ஒரு கேள்வி உண்டு, வைவாவில் அடிக்கடி வரும். இரண்டு பக்கத்துப் பொதுக் கழுத்துத் தமனிகளையும் சைனஸுக்குக் கீழே, அதாவது இதயத்தின் பக்கமாக, கிளாம்ப் போட்டு அடைத்தால் உடம்பின் பிரஷர் என்ன ஆகும்? சைனஸுக்குள் இரத்தம் குறைகிறது, துடிப்பு குறைகிறது, பிரேக் விலகுகிறது. பிரஷர் ஏறும். அடைக்காமல் சைனஸையே வெளியிலிருந்து அழுத்தினால்? சுவர் இழுபடுகிறது, துடிப்பு கூடுகிறது. இதயம் மெதுவாகும், பிரஷர் இறங்கும். இரண்டும் கழுத்தில் கை வைப்பதுதான், விடைகள் நேரெதிர். இதைத் தயவுசெய்து உங்கள் கழுத்திலோ வீட்டுப் பெரியவர்கள் கழுத்திலோ செய்து பார்க்காதீர்கள். வயதானவர்களின் தமனியில் கொழுப்புப் படிவு இருந்தால் அது பெயர்ந்து மூளைக்குப் போகலாம்.

செய்து பார்க்க வேண்டியது பிராக்டிக்கலில் வரும் படுத்து எழும் சோதனை. என் ரூம்மேட்டைப் பத்து நிமிடம் படுக்க வைத்து அளந்தேன்: 116/74, நாடி 72. எழுந்து நின்றதும் 108/76, நாடி 90. இரண்டு நிமிடம் கழித்து 114/80. நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. அது அவளுக்குத் தெரியவே இல்லை. "என்னடி, முடிஞ்சுதா?" என்று மொபைலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவள் மணிக்கட்டில் இருந்த என் விரலுக்கு மட்டும் நாடி வேகமெடுத்தது தெரிந்தது. புத்தகத்தில் ஒரு அம்பாக இருந்தது விரலுக்குக் கீழே ஓடிய நேரம் அது.

அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாச்சியைப் பார்த்தேன். விடியற்காலையில் எழுந்ததும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். "கண்ணை இருட்டுது தாயி" என்பார். வயதானால் தமனிச் சுவர் விறைத்துவிடும், இழுபடாது, பாரோரிசெப்டருக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேராது. எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதற்குப் போஸ்சுரல் ஹைப்போடென்ஷன் என்று பெயர். "உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு, அப்புறம் எந்திரிங்க அம்மாச்சி" என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஹார்மோன் பகுதிக்கு வருவோம். ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் வரிசையை எல்லோரும் ஒப்பிப்பார்கள். தேர்வாளர் பெரும்பாலும் கேட்பது தொடக்கத்தை: சிறுநீரகத்திலிருந்து ரெனின் எப்போது சுரக்கும்? மூன்று காரணங்கள். சிறுநீரகத்துக்குள் வரும் அழுத்தம் குறைவது, சிறுநீரகக் குழலில் உப்பை உணரும் மாக்குலா டென்சா செல்களைத் தொடும் உப்பு குறைவது, சிம்பதெடிக் நரம்பு பீட்டா-1 ஏற்பி வழியாகத் தூண்டுவது. மூன்றாவதைப் பாருங்கள், நரம்பும் ஹார்மோனும் கைகோக்கும் இடம் அதுதான். இதை எழுதாததால்தான் என் முதல் விடை இரண்டு தனித்தனிக் கட்டுரைகள் போல இருந்தது.

1898இல் ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தி பிரஷர் ஏறுவதைக் கண்டார்கள். ரெனின் என்ற பெயர் அப்படி வந்தது. ஆனால் ரெனின் தானாகக் குழாயைச் சுருக்காது. அது ஒரு நொதி. கல்லீரல் தரும் ஆஞ்சியோடென்சினோஜனை வெட்டி, பத்து அமினோ அமிலம் கொண்ட ஆஞ்சியோடென்சின்-1ஐத் தருகிறது. நுரையீரல் இரத்தக் குழாய்களில் நிறைய இருக்கும் ஏ.சி.இ. என்ற நொதி அதில் இரண்டு அமினோ அமிலங்களைக் கழித்து, எட்டு கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 ஆக்குகிறது. வேலை செய்வது இதுதான்: குழாய்களைச் சுருக்கும், சிறுநீரகத்தில் உப்பைச் சேமிக்க வைக்கும் ஆல்டோஸ்டிரோனை வரவழைக்கும், தாகத்தைத் தூண்டும், தண்ணீரைச் சேமிக்கும் ஹார்மோனான வாசோபிரெசினையும் கூட்டும்.

ஏ.சி.இ.க்கு இன்னொரு வேலையும் உண்டு, சேர்ந்தால் இருமலைத் தூண்டும் பிராடிகைனினை உடைப்பது. இது எனக்கு மறக்காததற்கும் அம்மாச்சிதான் காரணம். பிரஷருக்கு எனலாப்ரில் ஆரம்பித்த பிறகு சளி இல்லாத வறட்டு இருமல், இரவெல்லாம். சுக்குக் கஷாயம் வைத்துப் பார்த்தும் நிற்கவில்லை. ஏ.சி.இ.யை மாத்திரை தடுத்ததும் பிராடிகைனின் சேர்ந்துவிட்டது. டாக்டர் லோசார்டனுக்கு மாற்றினார். அது ஏ.சி.இ.யைத் தொடாமல் ஆஞ்சியோடென்சின்-2இன் ஏற்பியை மட்டும் அடைக்கும். சில வாரங்களில் இருமல் போய்விட்டது.

வாசோபிரெசினுக்கு இரண்டு ஏற்பிகளைச் சொன்னால் போதும்: வி-1 குழாயைச் சுருக்கும், வி-2 சிறுநீரகத்தில் தண்ணீரைத் திரும்ப இழுக்கும். எதிர்த் திசையில் போகும் ஏ.என்.பி. என்ற ஹார்மோனை விட்டுவிடாதீர்கள். இதய மேலறை விரிந்தால் சுரந்து, உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும்.

விடையை எழுதும்போது நான் பிடித்துக்கொண்டது நேர வரிசை. ஒரு லிட்டர் இரத்தம் இழந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிகளில் பாரோரிசெப்டர். பிரஷர் 80க்குக் கீழே போனால், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணரும் கீமோரிசெப்டரும் சேரும். 60க்கும் கீழே போனால், இரத்தம் கிடைக்காத மூளையே கடைசி முயற்சியாகக் குழாய்களைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றப் பார்க்கும். நிமிடங்களில் ஆஞ்சியோடென்சினும் வாசோபிரெசினும், திசுக்களிலிருந்து குழாய்க்குள் திரும்பும் நீரும். மணி, நாள் கணக்கில் ஆல்டோஸ்டிரோனும் சிறுநீரகமும். முதல் வரியில் "பிரஷர் = இதய வெளியீடு × புறத்தடை (குழாய்கள் தரும் எதிர்ப்பு)" என்று போட்டுவிட்டு, ஒவ்வொன்றும் இந்த இரண்டில் எதைத் தொடுகிறது என்று முடியுங்கள். எனக்கு இரண்டாம் இன்டர்னலில் எட்டு வந்தது.

பல்கலைக்கழகத் தேர்வு வைவாவில் வெளியிலிருந்து வந்த சார் கேட்டார்: "பாரோரிசெப்டர் இவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னா, வருஷக்கணக்கா பிரஷர் இருக்கிறவங்களுக்கு ஏன் இறக்கல?" ஓரிரு நாளிலேயே அது புது அளவுக்குப் பழகிவிடும், ரீசெட் ஆகிவிடும் என்றேன். நாய்களில் அந்த நரம்புகளை வெட்டியபோது சராசரி பிரஷர் பெரிதாக மாறவில்லை, ஆனால் ஒரே நாளில் 50க்கும் 160க்கும் இடையே ஆடியது என்ற சோதனையையும் சொன்னேன்.

"அப்ப நாள் கணக்குல அளவை வைக்கிறது யாரு?"

"சிறுநீரகம் சார்."

"அப்ப இது எதுக்கும்மா?"

கட்டிலின் விளிம்பைப் பிடித்து நிற்கும் அம்மாச்சியைச் சொன்னேன். சார் தலையாட்டிவிட்டு, ஆல்டோஸ்டிரோன் எந்தக் குழலில் வேலை செய்யும் என்று அடுத்ததற்குப் போனார்.