விரல் நுனியிலிருந்து நம்பிக்கை மையம் வரை

ஜூலை 24
நாளை இரவு எச்.ஐ.வி. பரிசோதனை முகாம். விரல் ரத்தத்தில் சோதிக்கும் கிட்டை 2 முதல் 30 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் சூடு சீக்கிரமே அதைத் தாண்டிவிடும். தெர்மாகோல் பெட்டியும் அதற்குள் ஒரு வெப்பமானியும் கட்டாயம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உறையைப் பிரிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் சோதனைப் பட்டையில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஜூலை 25
நடுவிரல் அல்லது மோதிர விரல், நுனியின் பக்கவாட்டில் குத்து. ஸ்பிரிட் காய்ந்த பிறகுதான். ஈரத்தோடு குத்தினால் எரியும், ரத்தம் துளியாகத் திரளாமல் பரவிவிடும். முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடு. ரத்தம் வரவில்லையே என்று விரலைப் பிசைகிறார்கள். அப்படிச் செய்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து மெல்ல நீவினால் போதும்.

கிட் சரியாக வேலை செய்தது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு விழாவிட்டால் அந்தப் பரிசோதனை செல்லாது, புதுக் கிட் எடுக்க வேண்டும். டெஸ்ட் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ரியாக்டிவ்தான், அதாவது தொற்று இருக்கலாம். செல்போன் வெளிச்சத்தில் பார்த்து மங்கல் கோட்டைத் தவறவிடுவதுதான் இரவு முகாமின் பெரிய பிழை. மேசைக்கு மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்று கட்டினோம், சிக்கல் தீர்ந்தது.

ஜூலை 28
டாக்டர் சுனிதி சாலமன் 2015இல் மறைந்த நாள். 1986இல் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது. சுனிதி ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எச்.ஐ.வி. சிகிச்சை, ஆலோசனை அமைப்பைத் தொடங்கி, பரிசோதனையோடு ஆலோசனையையும் சேர்த்தே கொடுத்தார். முடிவை மட்டும் சொல்லி அனுப்பும் முகாம்களைப் பார்க்கும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 30
முகாமில் ரியாக்டிவ் என்றால் அது முடிவல்ல. அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு கிட்டுகளில் மூன்று சோதனை செய்துதான் உறுதி சொல்வார்கள். ஆட்கள் விட்டுப்போவது இந்த இடைவெளியில்தான். இரவில் தொழில் செய்பவரைக் காலை 9 மணிக்கு வரச்சொன்னால் எப்படி வருவார்? மதியம் நேரம் வாங்கித்தர வேண்டும், அவர்களில் ஒருவராகவே இருந்து வழிகாட்டும் சக கல்வியாளர் ஒருவர் கூடவே போக வேண்டும். கையில் கொடுக்கும் சீட்டில் நோயின் பெயர் வேண்டாம். நாள், நேரம், யாரைப் பார்க்க வேண்டும் என்பது போதும். கொடுத்த நம்பர் யாருடைய போன் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நெகட்டிவ் வந்தவருக்குச் சமீபத்தில் தொற்று வாய்ப்பு இருந்திருந்தால் 3 மாதம் கழித்து மறு சோதனை. அந்த வாய்ப்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் உடனே 28 நாள் தடுப்பு மாத்திரை, முதல் வேளை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எங்கள் படிவத்தில் ‘எப்போது நடந்தது’ என்ற கேள்விக்கு இடமே இல்லை. பேனாவால் முதல் வரிக்கு மேலே எழுதிச் சேர்த்திருக்கிறோம்.