ஆடையில்லாக் கடற்கரையிலும் அத்துமீறல் அத்துமீறல்தான்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது இடத்தில் ஆடையின்றி இருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டம், பிறப்புறுப்பைக் காட்டுபவரின் நோக்கத்தையே முதன்மையாகப் பார்க்கிறது. தென் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 1980 முதல் ஆடையின்றி இருக்க விரும்புவோருக்கென ஒரு கடற்கரை இருந்துவருகிறது. ஆனால், இத்தகைய இடங்களில் எதையும் செய்யலாம் என்று எண்ணிக்கொண்டு வருபவர்களும் உண்டு. காலி மணல் எவ்வளவோ கிடக்க, தனியாக வந்த பெண்ணின் அருகே போய்த் துண்டை விரிப்பவரையும், புதர் மறைவில் நின்றபடி கைப்பேசியை உயர்த்துபவரையும் "கண்டுகொள்ளாமல் விடுங்கள்" என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பாதுகாப்பாகத் தோன்றினால், அருகிலிருப்பவர்கள் இரண்டு மூன்று பேராகச் சென்று, குரலை உயர்த்தாமல், அவர் செய்வதை அவரிடமே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. கூச்சம் அவருக்குத்தான் வரவேண்டும். அவர் அடங்காவிட்டால், நேரம், அடையாளம், சென்ற திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு காவல்துறையின் 101 எண்ணிலும், குற்றம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தால் 999 எண்ணிலும் தெரிவிக்க வேண்டும். ஆடையின்றி இருந்ததாலேயே புகார் எடுபடாது என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது. புகார்கள் பெருகினால் கடற்கரையையே மூடிவிடலாம் என்பவர்கள், ஒழுங்காக வந்துபோகும் பெரும்பான்மையினரைத்தான் தண்டிக்கிறார்கள். வாரயிறுதிகளில் ஒரு காவலரோ தன்னார்வலரோ அங்கே நடந்துவந்தாலே பாதித் தொல்லை குறையும் என்பது என் கருத்து.