"சரியாத்தானே செஞ்சேன் சார்?"

என் தற்காப்பு வகுப்பில் ஒருவர் இப்படிக் கேட்டபோது "சரியாச் செஞ்சீங்க" என்று பதில் சொன்னேன். ஏழெட்டு மாதமாகியும் அந்தப் பதில் என்னை விடவில்லை.

கத்தியோடு வருபவனைச் சமாளிக்கும் பயிற்சிக்கு நான் கத்திக்குப் பதிலாகச் சிவப்பு மார்க்கர் பேனாதான் வைத்திருக்கிறேன். எதிரில் நிற்பவருக்கு முழுக்கை வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு, நிஜமாகவே குத்துகிற வேகத்தில் வருவேன். அன்று அப்படிக் கேட்டவர் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், அதுவரை கூச்சத்தோடு ஓரமாகவே நின்றவர். மூன்றாவது முயற்சியில் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, தன் உடம்போடு சேர்த்து அழுத்தி, பேனாவைக் கீழே விழவைத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. அவருடைய சட்டைக் கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, இரண்டு சிவப்புக் கோடுகள் இருந்தன. ஒன்று நல்ல நீளம். அதைப் பார்த்துவிட்டுத்தான் "சரியாச் செஞ்சீங்க" என்றேன்.

அந்த நேரத்தில் கோடுகளைக் காட்டியிருந்தால் அவர் மறுபடியும் ஓரமாகப் போய் நின்றிருப்பார், பயந்த மனசுக்கு முதலில் தைரியம் வரட்டும், மற்றதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இப்போதும் அது தப்பான நினைப்பு என்று தோன்றவில்லை. ஆனால் அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

மூன்று மாதம் கழித்து, கையில் கட்டோடு என்னைப் பார்க்க வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். ராத்திரி ஒருவன் உள்ளே நுழைந்து, கத்தியைக் காட்டி, மருந்து அலமாரிச் சாவியைக் கேட்டிருக்கிறான். "கத்தியைப் பார்த்ததும் கை தானாப் போயிடுச்சு சார், நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டேன்" என்றார். இவர் போட்ட சத்தத்தில் அவன் கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டான். உருவியபோதுதான் உள்ளங்கை கிழிந்திருக்கிறது. இரண்டு விரலில் டெண்டன், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாண், அறுந்துபோய், அறுவை சிகிச்சை செய்தும் இன்னும் முழுசாக மடங்கவில்லை. "நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் சார் என்னைக் காப்பாத்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலேயே சொன்னார்: "சாவி மேசை மேலயேதான் இருந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

1983-ல் டென்னிஸ் டியூலர் என்ற அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சியாளர் எழுதிய கணக்கு ஒன்றை வகுப்பில் எப்போதும் சொல்வேன். கத்தி வைத்திருப்பவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்து வந்துவிடுவான். இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை உருவிச் சுடவே பயிற்சி பெற்றவருக்கும் அவ்வளவு நேரமாகும். அப்படியென்றால் ஒரு மேசை அகலத்தில் நிற்பவனிடம் நமக்கு என்ன அவகாசம் இருக்கிறது? கேட்பது பொருள் என்றால் கொடுத்துவிட்டுப் பின்னால் போ, நடுவில் எதையாவது வைத்துக்கொள், வழி இருந்தால் ஓடு. கொல்லவே வந்திருக்கிறான் என்றால் மட்டும் அந்தக் கையைப் பிடி. பிடித்தால் விடாதே, தள்ளிவிட்டால் அடுத்த குத்துக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும். இதெல்லாம் நான் அவருக்கும் சொன்னதுதான். ஆனால் இரண்டு மணி நேர வகுப்பில் கொடுத்துவிடுவதைப் பற்றிப் பத்து நிமிடம் வாயால் சொன்னேன், பிடிப்பதை ஒன்றரை மணி நேரம் கையால் செய்யவைத்தேன். ஆபத்து வரும்போது வாயால் கேட்டது எங்கே ஞாபகம் வரும், பழகிய கைதானே முந்தும்!

சாவியை வாங்கிக்கொண்டும் அவன் குத்தியிருக்கலாமே என்றும் தோன்றுகிறது. அவன் கண்ணைப் பார்த்தவர் அவர், நான் அங்கே இல்லை. உயிரோடு இருக்கிறார், அதைவிட என்ன வேண்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். சட்டைப் பொத்தானை ஒரு கையால் போடக் கஷ்டப்பட்டுக்கொண்டே என்னிடம் பேசியது நினைவுக்கு வந்தால் அந்தச் சமாதானம் நிற்பதில்லை.

இப்போது வகுப்பை மாற்றிவிட்டேன். முதல் நாள் முழுக்கக் கையிலிருப்பதைத் தூரமாக வீசிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிற பழக்கம்தான், வாயால் இல்லை, உடம்பால், இருபது முப்பது தடவை. அடுத்த நாள் வெட்டுக்காயத்தில் துணி வைத்து அழுத்துவது, குத்தி நிற்கும் கத்தியை உருவாமல் விடுவது. குத்து விழுந்தது பல பேருக்கு ஓங்கிக் குத்துவிட்ட மாதிரித்தான் தெரியும், ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் புரியும் என்பதையும் சொல்கிறேன். பிடி கடைசியில்தான்.

போன வாரம் ஒரு இளைஞர், நல்ல வேகம், முதல் தடவையிலேயே பேனாவைத் தட்டிவிட்டு "சரியா சார்?" என்று கேட்டார். அவருடைய கையைத் திருப்பி மூன்று கோடுகளைக் காட்டினேன். கழுத்தில் ஒன்று இருந்தது, அதைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார்.

நேற்று வகுப்புக்கு அவர் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை.