சிவப்பு ஊசி

2025 மார்ச் 3, பொகவந்தலாவை

அம்மாவின் ஹீமோகுளோபின் 7.4. எட்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் இதுதான் கணக்கு. பீட்ரூட், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று நானும் விரட்டி விரட்டிக் கொடுத்தேன். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் யாரைக் கேட்டாலும் இரத்தக் குறைவுக்கு இந்த மூன்றைத்தான் சொல்வார்கள்.

இன்று ஹட்டனில் வேறொரு டொக்டர். நாக்கை நீட்டச் சொன்னார்; வழுவழுவென்று சிவந்திருந்தது. "காலில் ஏதும் தொந்தரவு?" என்றார். "பஞ்சில் மிதிப்பதுபோல இருக்கிறது, ஐயா. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை."

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மார்ச் 6

முடிவு வந்தது. இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகுமாம். அம்மாவுக்கோ ஊதிப் பெருத்திருக்கின்றன: சராசரி அளவு 118, நூறைத் தாண்டக் கூடாது. குறைந்திருப்பது வைட்டமின் பி12.

கீரையில் அது கிடையாது. நுண்ணுயிர்கள் உண்டாக்குவது, நமக்கு மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாக வருகிறது. கதிர்காமத்து வேண்டுதலுக்காக அம்மா மச்சம் விட்டு இருபது வருடம். 2022இல் பால்மா விலை ஏறியபோது பாலையும் விட்டு வெறும் சாயத் தேநீருக்கு மாறினார். போதாததற்கு, சீனி வருத்தத்துக்குப் பன்னிரண்டு வருடமாக மெட்ஃபோர்மின். அது பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். ஈரலில் இருக்கும் சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்குவதால், கரைவது வெளியே தெரிவதில்லை.

மார்ச் 7

முதல் ஊசி, ஒரு மில்லிகிராம். குப்பியில் மருந்து செக்கச்செவேலென்று இருந்தது. "இரத்தமா ஏற்றுகிறீர்கள்?" என்று அம்மா கேட்க, தாதி சிரித்துவிட்டார். அந்த நிறம் மருந்துக்குள் இருக்கும் கோபால்ட்டால் வருவது. ஒன்றுவிட்டு ஒரு நாள் போட வேண்டும்.

மார்ச் 9

பக்கத்து வீட்டு அக்கா மகளின் கர்ப்பிணிக் கிளினிக்கில் மிஞ்சிய மஞ்சள் மாத்திரையைக் கொண்டுவந்தார், ஃபோலிக் அமிலம். போன மாதமென்றால் வாங்கிக் கொடுத்திருப்பேன். பி12 குறைவுக்கு அதை மட்டும் கொடுத்தால் இரத்தம் ஏறிவிடும், நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். அக்காவின் மனம் நோகாமல் திருப்பிக் கொடுப்பதற்குள் இரண்டு தேநீர் ஆகிவிட்டது.

இரவு வாசித்தது: பி12 சேராமல் வரும் ஒருவகை இரத்தசோகை ஒருகாலத்தில் ஆளைக் கொன்றுவிடும். 1926இல் மைனொட், மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க டொக்டர்கள் நோயாளிகளைத் தினமும் ஈரல் தின்னவைத்துப் பிழைக்கவைத்தார்கள். 1934இல் நோபல் பரிசு. ஈரலுக்குள் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது 1948இல்தான். அம்மாவிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு திருநீறு பூசினார்.

மார்ச் 14

புதுச் சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கிவிட்டன. அம்மா இரண்டாம் தடவை சோறு கேட்டார்! கால் அப்படியே. நரம்பு மெதுவாகத்தான் தேறும், முழுதாகத் தேறாமலும் போகலாம் என்கிறார்கள். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. மாத்திரை எழுதியவர்கள்மீது மட்டுமல்ல, பீட்ரூட்டோடு நின்ற என்மீதும்.

ஏப்ரல் 12

10.8. இனி இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி. அம்மாவுக்கு ஒரே கவலை, வேண்டுதல் முறிந்துவிட்டதா என்று. நுண்ணுயிரை வளர்த்துச் செய்யும் மருந்து, மச்சமில்லை என்றேன். பாதி நம்பினார்.

இடது கால்விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. ஆனால், காலையில் பீலிக்குப் போகும்போது வலது செருப்பு கழன்றதாம். நின்று, திரும்பி, மாட்டிக்கொண்டு போனாராம். தண்ணீர்க் குடத்தை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.