ஆண்கள் மெடிக்கல் வார்டு: ஜூன் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

ரவுண்ட்ஸில் இன்று 14-ஆம் பெட் தாத்தாவைப் பற்றித்தான் பேச்சு. ஹார்ட் ஃபெயிலியர். உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் மாத்திரை காலையும் இரவும் போகிறது, சார்ட்டில் டிக் விழுந்திருக்கிறது, கால் வீக்கம் மட்டும் வடியவில்லை. டோஸைக் கூட்டலாமா என்று டாக்டர் யோசிக்கிறார்.

டூட்டியை ஒப்படைத்துவிட்டு தாத்தா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நின்றபடி கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்ற ஒரே பதில்தான் வரும். ஆட்டுக்குட்டி, திருப்பூரில் இருக்கும் மகன், ஊரில் மழை என்று சுற்றிவந்து கடைசியில் சொன்னார்: "ராத்திரி அந்த மாத்திரையப் போட்டா விடிய விடிய ஒண்ணுக்கு வருது. கக்கூஸ் அந்தக் கோடியில. லைட்டும் எரியல. நான் விழுந்து கெடந்தா உங்களுக்குத்தானம்மா தொந்தரவு?" இரவு மாத்திரை கன்னத்தில் ஒதுங்கி, நர்ஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஜூன் 4, புதன்

டாக்டரிடம் சொன்னேன். டோஸ் கூடவில்லை; இரவு மாத்திரை மதியம் 2 மணிக்கு மாறியது. கட்டிலடியில் சிறுநீர் பிடிக்கும் யூரினல் பாட்டில். கழிவறைப் பக்கத்து விளக்குக்கு மின் பிரிவுக்குக் கடிதம் எழுதியாயிற்று.

ஜூன் 7, சனி

'தொண்டுத் தலைமை' என்ற தலைமைப் பண்பு பற்றி வகுப்பு. ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர், ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர், 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த சிந்தனையாம். முதலில் தொண்டு, தலைமை அப்புறம். எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் காது கொடு. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வகுப்பெடுத்தவர் எங்கள் இரவு டூட்டியை ஒரு தடவை பார்த்திருக்கலாம். பயிற்சி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நர்சிங் கவுன்சில் கணக்கு. இங்கே வார்டு முழுக்க ஒருத்தி ஓடுவாள். அவளிடம் போய் "உட்கார்ந்து கேள்" என்றால் சிரிப்பாள். நேரத்தை யாராவது கொடுக்க வேண்டும். இன்சார்ஜ் நான்தான், கொடுக்கிறேன். திங்கள் முதல் டயட் கணக்கு, ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் இண்டெண்ட், ரிஜிஸ்டர் எல்லாம் காலையில் என் மேஜைக்கு. நர்ஸ் பிள்ளைகள் அந்த நேரத்தில் கட்டில் பக்கம்.

ஜூன் 10, செவ்வாய்

பலன் இவ்வளவு சீக்கிரம் தெரியும் என்று நினைக்கவில்லை. 9-ஆம் பெட், சர்க்கரை நோயாளி. இன்சுலின் போட்ட பிறகு சுகர் அடிக்கடி இறங்கிவிடும். சிடுசிடுவென்று விழுவார் என்பதால் யாரும் அருகில் நிற்பதில்லை. புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் பொண்ணு உட்கார்ந்து பேசியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தரும் சாப்பாட்டில் பாதியை மனைவிக்குக் கொடுத்துவிடுகிறாராம்! உடன் இருப்பவருக்குச் சாப்பாடு கிடையாது. வளாகத்திலேயே அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி ஒரு ரூபாய்தான். ஆனால் இவரைத் தனியே விட்டுப் போக அந்தம்மாவுக்குப் பயம்.

"நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க சிஸ்டர்" என்றாள் ஸ்டாஃப் பொண்ணு. முடியாது, கண்டுபிடித்தவள்தான் சொல்ல வேண்டும் என்றேன். ரவுண்ட்ஸில் குரல் நடுங்கத்தான் சொன்னாள். டாக்டர் கேஸ் ஷீட்டை மூடிவிட்டு முழுசாகக் கேட்டார். இனி அந்தம்மா சாப்பிடப் போகும்போது இவரைப் பக்கத்து பெட்காரரின் மகன் பார்த்துக்கொள்வான்.

ஜூன் 12, வியாழன்

தாத்தாவின் எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. செருப்புக்குள் கால் நுழைகிறது என்று எல்லோரிடமும் காட்டுகிறார். விளக்குதான் இன்னும் வரவில்லை. கடிதம் மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். நாளை காலை மின் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போகிறேன்.