தள்ளுவண்டியில் எவ்வளவு மணல்?

1876இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த நாடக நிகழ்த்துதல் சட்டத்தில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு இருந்தது. நாடகம் நடக்க மூன்று நாள் முன்பே பிரதியைக் கேட்டு வாங்கலாம். வசனமில்லாத மைம் என்றால் அதன் சாரத்தை எழுதித் தரச் சொல்லலாம். ஊமை நாடகம் வரைக்கும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சாரத்தில் எது அகப்படும்?

வள்ளி திருமணத்தில் முருகனாக மேடையேறிய நாடக நடிகர் விசுவநாததாஸ் நடுவே தேசியப் பாட்டைப் பாடிவிடுவார். அதற்காகப் பலமுறை சிறைக்கும் போனார். வள்ளி கதையில் தடை செய்ய என்ன இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் அதல் ஃப்யூகார்ட், ஜான் கனி, வின்ஸ்டன் ன்ட்சோனா மூவரும் சேர்ந்து உருவாக்கிய ‘தி ஐலண்ட்’ (1973) இதை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. தொடக்கத்தில் பேச்சே கிடையாது. இரண்டு கைதிகள், கண்ணுக்குத் தெரியாத மண்வெட்டி, தெரியாத தள்ளுவண்டி. ஒருவன் அள்ளிய மணலை மற்றவன் தோண்டும் இடத்தில் கொட்டுகிறான். அவன் அள்ளியதை இவன் இடத்தில். குவியல் குறைவதே இல்லை. சாரம் கேட்டால் ‘இருவர் மணல் அள்ளுகிறார்கள்’ என்று ஒரு வரி எழுதலாம், பொய்யுமில்லை.

இந்த நாடகத்தை எடுத்துச் செய்கிற குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நடிகர் களைப்பை நடிப்பார், எடையை விட்டுவிடுவார். மூச்சு இரைக்கும், முகம் கோணும். ஆனால் வண்டியின் கைப்பிடி ஒருமுறை தொடை உயரத்தில் இருக்கும், மறுமுறை வயிற்றுக்கு ஏறியிருக்கும். பார்ப்பவர் கண் அதைச் சட்டென்று பிடித்துவிடும். முதல் சில ஒத்திகைகளை நிஜ வண்டி, நிஜ மணலோடு நடத்துவது நல்லது. நிறைந்த வண்டியைக் கிளப்பும்போது முழங்கால் மடங்கும், கைகள் நீண்டு விறைக்கும், முதல் அடி குட்டையாக விழும். காலி வண்டி திரும்பும்போது துள்ளும், நடையும் மாறிவிடும். ஒரு வண்டிக்கு எத்தனை மண்வெட்டி மணல் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பத்து என்றால் கடைசி வரைக்கும் பத்து. உடம்புக்கு இது பழகிய பிறகுதான் சாமான்களை எடுக்கலாம்.

அடுத்த தொல்லை நேரம். இரண்டு நிமிடம் போனாலே இயக்குநருக்கு இருப்புக்கொள்ளாது. காட்சியை வெட்டுவார், அல்லது பின்னணி இசை போடுவார். இரண்டுமே கெடுதல். இசை வந்ததும் வேலைக்குத் தாளம் கிடைத்துவிடுகிறது. தாளம் கிடைத்த வேலை தண்டனையாகத் தெரியாது. அரங்கில் இருமல் தொடங்கும், நாற்காலி நகரும், யாராவது சிரிப்பார்கள். சிரிப்புக்காக நடிகர் வேகத்தைக் கூட்டக் கூடாது. சலிப்பு எரிச்சலாகி, ‘இதை யாராவது நிறுத்துங்களேன்’ என்று பார்ப்பவருக்கே தோன்றும்போதுதான் காட்சியை முடிக்கும் விசிலை ஊத வேண்டும். என் கணக்கில் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் அது வெறும் முன்னோட்டம்.

‘நிறுத்துங்கள்’ என்று பார்வையாளரே சொல்லலாம் என்று விதியாக்கியவர் பிரேசிலின் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால். அவருடைய ஃபோரம் அரங்கில் ஒடுக்கப்பட்டவர் தோற்கும் குறுநாடகம் முதலில் நடக்கும். மறுபடி நடக்கும்போது பார்வையாளர் நிறுத்திவிட்டு ஒடுக்கப்பட்டவர் இடத்தில் நின்று வேறு வழி பார்க்கலாம். குறுநாடகத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நீண்டால் மறுபடி பார்க்கப் பொறுமை இருக்காது. இங்கே உண்மையான உழைப்பு ஒடுக்குபவராக நடிப்பவருக்குத்தான். புதிதாக மேடையேறியவர் மேல் இரக்கப்பட்டு அவர் விட்டுக்கொடுத்தால் ஆட்டம் முடிந்தது. ஒரேயடியாக அடித்து நொறுக்கினால் அடுத்தவர் மேடையேற மாட்டார். அதனால் மூன்று படி அழுத்தம் அவர் கைவசம் இருக்க வேண்டும்: முதலில் இனிப்பான பேச்சு, பிறகு சட்டம், கடைசியில் மிரட்டல். எதிரில் இருப்பவர் ஒரு படியை உடைத்தால்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். ‘மேலதிகாரி மனம் மாறிவிட்டார்’ மாதிரி மந்திரத் தீர்வு வந்தால், ஆட்டத்தை நடத்துகிறவர் (‘ஜோக்கர்’ என்பார்கள்) தானே மறுக்காமல் கூட்டத்திடம் திரும்பி, ‘இது நடக்குமா?’ என்று மட்டும் கேட்க வேண்டும்.